மூன்று நாளைக்கு ஒரு கிரகணம்

(தருமபுரியில், கார்த்திகை மாதத்து மாலை ஒன்றில் பேசியது)

பெரியோர்களே, தாய்மார்களே, முன்னால் மண்ணில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நட்சத்திரம் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும், "என் மகனுக்கு எப்போது கல்யாணம் ஆகும்?" என்று ஒரு அம்மா கேட்டார்கள். அது எனக்குத் தெரியாது தாயே. நான் சொல்ல வந்த நட்சத்திரம் பஞ்சாங்கத்தின் 27-இல் சேராதது. பெயர் அல்கோல். அரபியில் பூதத்தின் தலை என்று பொருள். பயப்பட வேண்டாம், யாரையும் பிடிக்காது.

ஆனால் அது மங்கும். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை. சுமார் 5 மணி நேரம் மங்கிக்கொண்டே போய், மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு இறங்கி, இன்னொரு 5 மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும்.

1782-இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் ஜான் குட்ரிக் என்ற 18 வயதுப் பையன் இதை இரவிரவாகக் குறித்து வைத்தான். அவனுக்குக் காது கேட்காது. ஏதோ ஒரு இருண்ட பொருள் குறுக்கே வந்து மறைக்கலாம் என்றான். அதாவது கிரகணம்! மறு ஆண்டே அந்நாட்டு அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அவனுக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 21 வயதில் இறந்துபோனான். அவன் சொன்னது சரி என்று 1889-இல் ஜெர்மனியின் வானியலாளர் ஃபோகல், ஒளியைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்தார்.

அங்கே நெருங்கிச் சுற்றுபவை இரண்டு நட்சத்திரங்கள். நடுவே ஒரு கோடி கிலோமீட்டர்கூட இல்லை. மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போதுதான் நமக்கு வெளிச்சம் குறைகிறது.

இதில் ஒரு சிக்கல். எடை கூடிய நட்சத்திரம்தான் வேகமாக எரிந்து முதலில் கிழடாகும். இங்கேயோ மங்கலானதுதான் கிழடு, அதற்கு முக்கால் சூரியன் எடைகூட இல்லை. இளமையாக இருப்பதற்கு மூன்று சூரியன் எடை. எப்படி? கிழடு ஒரு காலத்தில் கனமாக இருந்தது. ஊதிப் பெருத்தபோது அதன் மேல் வாயுவைப் பக்கத்திலிருப்பது இழுத்துக்கொண்டது. நம் தகடூர் அதியமான் நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்த மாதிரிதான். என்ன, அதியமான் மனமுவந்து கொடுத்தான். இதற்கு வேறு வழியில்லை.

சரி, எங்கே பார்ப்பது? இரவு 8 மணிக்கு மொட்டை மாடியில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். கார்த்திகை நட்சத்திரமான ஆறுமீன் கொத்தாகத் தெரியும். கையை நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடியுங்கள். அந்த முட்டியின் அகலம்தான் நம் அளவு. ஆறுமீனுக்கு இடப்பக்கம், சற்று மேலே, இரண்டு முட்டி தூரத்தில் அல்கோல். அதற்கும் மேலே ஒன்றேகால் முட்டி தள்ளி அல்மாக் என்ற நட்சத்திரம். சாதாரண நாளில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம். அல்கோல் தெளிவாகக் குறைந்து தெரிந்தால் கிரகணம் நடக்கிறது. நடந்தது என்று சொல்லவேண்டும். அந்த ஒளி இங்கு வந்துசேர ஏறக்குறைய 90 ஆண்டு.

திங்கள் நள்ளிரவு 12-க்கு மிகவும் மங்கினால், அடுத்தது வியாழன் இரவு 8.49. அதற்கடுத்தது ஞாயிறு மாலை 5.38, அப்போது வெயில் இருக்கும், தவறிப்போகும். கணக்கு நோட்டில் எழுதுங்கள் பிள்ளைகளே.

மைக் செட் தம்பி, அந்த ஃபோகஸ் லைட்டைக் கொஞ்சம் அணைத்துவிடப்பா. எல்லோரும் எழுந்து கிழக்கே திரும்புங்கள்.