கடுகளவு கொம்மூன், பதினொரு பெண்கள்

(மகளிர் நாள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பெண்கள் வட்டத்தின் செயலாளர் அவர்களே, தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை குறைத்துத் தந்த தேவாலய நிருவாகத்தினரே, ஒலிவாங்கியோடு மல்லுக்கட்டி வென்ற தம்பிமாரே, சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் அக்காமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

கொம்மூனில், அதாவது நோர்வேயின் உள்ளூராட்சியில் இருந்து வந்து முன்வரிசையில் இருக்கிற பண்பாட்டுப் பிரிவு அம்மையாருக்குத் தனியாக ஒரு வணக்கம். அவருக்குத் தமிழ் விளங்காது. பக்கத்தில் இருந்து ஒரு பிள்ளை காதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்கிறாள். தங்கச்சி, நான் வேகமாகப் போனால் கையைக் காட்டு. எனக்கு முன்பு பேசிய ஆசிரியையை நான் மறக்கவில்லை. மறந்தால் வீட்டுக்குப் போன பிறகு தொலைபேசியில் கேட்பார். அவருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாம், அந்தக் காசைப் பள்ளிக்குக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். பள்ளிக்கும் கொடுத்து எனக்கும் போர்த்திவிட்டார்கள். என்ன செய்வது, நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு உத்சிரா கொம்மூனின் வரலாறும் இயல்பும். ஐந்து விடயங்கள் சொல்வதாக எழுதி வந்திருக்கிறேன். ஒன்று கடலும் கல்லும், இரண்டு மீன், மூன்று வெளிச்சவீடு, நான்கு பதினொரு பெண்கள், ஐந்து பறவையும் காற்றும். அரை மணி நேரம் தந்திருக்கிறார்கள். பார்ப்போம்.

உத்சிராத் தீவு எங்கே இருக்கிறது? நோர்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஹௌகசுண்ட் நகரத்துக்கு மேற்கே, கார்மொய் தீவையும் தாண்டி, ஏறக்குறைய 18 கிலோமீட்டர் வெளிக்கடலில். பரப்பளவு 6 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். சனத்தொகை 200ஐச் சுற்றியே நிற்கும். ஒரு குடும்பம் இடம் பெயர்ந்தால் கணக்கு இறங்கும், ஒரு பிள்ளை பிறந்தால் ஏறும். இன்றைக்கு இந்த மண்டபத்தில் இருப்பவர்களை ஏற்றிக் கொண்டுபோய் அங்கே இறக்கினால் சனத்தொகை இரண்டு மடங்கு ஆகிவிடும். நோர்வேயின் 357 கொம்மூன்களில் ஆட்கணக்கில் ஆகச் சிறியது இதுதான். ஆனால் சபை உண்டு, முதல்வர் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, 1785இல் கட்டிய மரத் தேவாலயம் உண்டு. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று என் அம்மம்மா சொல்வார். இந்தப் பழமொழியை இன்று இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவன். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணி நேரம். ஹௌகசுண்டில் ஏறினால் உத்சிராவுக்கு ஒரு மணி பத்து நிமிடம். எங்கள் ஊரில் முருகைக் கல்லை அடுக்கி வேலி கட்டுவார்கள், சாந்தும் இல்லை, சீமெந்தும் இல்லை. உத்சிராவிலும் அதே மாதிரிக் கல்வேலி, அங்கே கரும்பாறைக் கல். அதற்குள்ளே ஆடு மேய்கிறது. மரம் குறைவு, காற்று அதிகம். நடுவில் ஒரு தாழ்வான பள்ளம் தீவை இரண்டாகப் பிரிக்கிறது. அதன் ஒரு முனையில் வடக்குத் துறை, மறு முனையில் தெற்குத் துறை. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் மற்றப் பக்கம் ஒதுங்கலாம். இதைப் பார்க்கத்தான் நானும் மனைவியும் போன ஒக்டோபரில் போனோம்.

அந்தப் பயணத்தைச் சொல்லாமல் விட்டால் என் மனைவி சொல்லிவிடுவார். அதைவிட நானே சொல்வது நல்லது.

துறைமுகத்தில் நிற்கும்போதே காற்று கூவியது. பயணச்சீட்டுப் பார்த்த பையன், "இன்றைக்குக் கொஞ்சம் ஆடும்" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்தி, "தம்பி, நான் தீவான். கடலைக் காட்டி என்னைப் பயமுறுத்தாதே" என்றேன். நோர்வேஜிய மொழியில் அது எப்படி வந்ததோ தெரியாது, அவன் சிரித்தான். கப்பல் புறப்பட்டது. கார்மொய் தீவின் மறைவு இருக்கும் வரைக்கும் நான் மனைவிக்குக் கடலைப் பற்றி வகுப்பு எடுத்தேன். அலை எப்படி வரும், படகு எப்படி ஏறும், அந்தக் காலத்தில் அப்பு எப்படிச் சுக்கான் பிடிப்பார் என்று எல்லாம். மறைவு முடிந்து வெளிக்கடல் வந்தது. முதல் அலையில் என் தேநீர்க் கோப்பை மேசையை விட்டுப் போனது. இரண்டாவது அலையில் வகுப்பு நின்றது. மூன்றாவது அலைக்கு நான் இருக்கையில் இல்லை. எங்கே இருந்தேன் என்று சபையில் சொல்ல முடியாது.

திரும்பி வந்து பார்க்கிறேன், என் மனைவி அசையாமல் இருந்து பருத்தித்துறை வடை கடித்துக்கொண்டிருக்கிறார். ஒரு டின் நிறையக் கொண்டு வந்திருந்தார். எதிரே எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு தீவுக்காரப் பாட்டி, மடியில் கம்பளிப் பின்னல். என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் ஒரு கடதாசிப் பையை நீட்டினார். பிறகு எழுந்து வந்து, என் கையைப் பிடித்து, கப்பலின் நடுவில் கீழ்த்தட்டு இருக்கையில் கொண்டுபோய் இருத்தி, "இங்கே ஆட்டம் குறைவு" என்றார். ஐம்பது வருடத் தீவான் ஒரு பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்.

மனைவி நன்றிக்கு டின்னை நீட்டினார். பாட்டி ஒரு வடையை எடுத்துச் சாதுவாகக் கடித்தார். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் முகம் சிவந்து, கண் கலங்கி, இருமி, தண்ணீர் குடித்தார். நாங்கள் பதறிப்போனோம். பாட்டி கண்ணைத் துடைத்துவிட்டு இன்னொரு வடைக்குக் கை நீட்டினார்! கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்றேனே, அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "எங்கள் தீவுக்கும் அதை எழுதி வைக்கலாம்" என்றார்.

பிறகு பேச்சு வந்தது. உங்கள் தீவில் எத்தனை பேர் என்று மனைவி கேட்டார். பாட்டி ஒரு எண் சொல்லி, "நவம்பரில் ஒன்று கூடும்" என்றார். யார் வயிற்றில் என்பதுவரை கணக்கு இருக்கிறது. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டோம். வரிசையாகச் சொன்னார். மீன் வேலை, ஆடு, பள்ளிக்கூடச் சமையல், "அப்புறம் 8 வருடம் கொம்மூன் சபையில் இருந்தேன்." பாத்திரம் கழுவினேன் என்று சொல்கிற அதே குரலில் சொன்னார். நான் வியந்துபோய், அரசியலில் ஈடுபாடோ என்று கேட்டேன். "ஈடுபாடா? எங்கள் ஊரில் எல்லோருக்கும் முறை வரும்" என்றார்.

எல்லோருக்கும் முறை வரும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

இரண்டாவது, மீன். தலைவர் மணியைப் பார்க்கிறார், ஆகவே சுருக்கம். சில்ட் என்று கடையில் வாங்குகிறோமே, நம் சூடை மீனின் சொந்தக்காரன், அதுதான் இந்தக் கரையைக் கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் வசந்த காலத்தில் சில்ட் கூட்டம் கரையை அடைத்துக்கொண்டு வரும். பருவத்துக்கு ஆயிரக்கணக்கான மீனவர்கள் உத்சிராவில் வந்து தங்குவார்கள். ஹௌகசுண்ட் நகரமே அந்த மீனில் எழுந்ததுதான். 1870ஐ ஒட்டி மீன் வராமல் போனது. ஏன் என்பதை இன்னொரு நாள் பேசலாம். போனவர்கள் போக, தீவார் ஆட்டையும் வலையையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

சரி, நான்காவது. வெளிச்சவீட்டை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், வரும்.

நோர்வேயில் ஊருக்கு ஊர் சபை என்பது 1837ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. உத்சிரா முதலில் தொர்வஸ்தாட் கொம்மூனின் ஒரு மூலை. சபை கார்மொய்ப் பக்கம், இடையில் கடல். காற்று அடித்தால் உறுப்பினர் போக முடியாது, கூட்டம் அவரில்லாமல் நடக்கும். 1924இல் உத்சிரா பிரிந்து தனிக் கொம்மூன் ஆனது. 1930இல் நாடு முழுவதும் 747 கொம்மூன்கள் இருந்தன. பிறகு இணை, இணை என்று 1960களில் ஒரு அலை, 2020இல் இன்னொரு அலை. 356 ஆகி, அதில் ஒன்று மனம் மாறிப் பிரிந்து 357. இத்தனை இணைப்புகளிலும் இந்த 200 பேர் தனி அடுப்பை அணைக்கவில்லை.

தனிக் கொம்மூனாகி அடுத்த வருடமே, 1925இல், தேர்தல். 12 இடங்கள். எண்ணிப் பார்த்தால் 11 பெண்கள், 1 ஆண். கைதட்டுங்கள், பிந்தியாவது தட்டுங்கள்! நோர்வேயில் பெண்கள் பெரும்பான்மையான முதல் சபை அது. ஒஸ்லோவில் அல்ல, பெர்கனில் அல்ல, கடல் கொந்தளித்தால் கடிதம்கூட வராத ஒரு பாறையில். உள்ளூர்த் தேர்தலில் எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தே அப்போது 15 வருடம்தான், 1910இல். முதல்வராக வந்தவர் ஓசா ஹெல்கசென். நாட்டின் முதல் பெண் கொம்மூன் முதல்வர். 1926 முதல் 1928 வரை இருந்தார். அவர் தொழில் என்ன தெரியுமா? மருத்துவிச்சி. நள்ளிரவில் கதவைத் தட்டினால் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகிற வேலை. எந்த வீட்டில் விறகு இல்லை, எந்த வீட்டில் பால் இல்லை என்று அவருக்கு யாரும் அறிக்கை எழுதிக் கொடுக்கத் தேவையில்லை.

பெரிய ஊர்கள் இதைச் செய்ய 1971 ஆனது. ஒஸ்லோ, துரொந்தைம், அஸ்கர் மூன்றிலும் வாக்காளர்கள் வாக்குச்சீட்டில் ஆண்களின் பெயரை வெட்டி, பெண்களை மேலே தூக்கிவிட்டார்கள். பெண்களின் சதி என்று பத்திரிகைகள் எழுதின. சதியாம்! சட்டம் கொடுத்த பேனாவால் சட்டம் கொடுத்த சீட்டில் கோடு போட்டது சதி. உத்சிராவோ அதற்கு 46 வருடம் முந்தியது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இத்தோடு மூன்று.

இப்போது என்னுடைய விடயத்துக்கு வருகிறேன். இதற்குத்தான் இவ்வளவு தூரம் கப்பல் ஓட்டினேன் என்று செயலாளர் அம்மாவுக்கு முன்பே தெரியும், அதனால்தான் சிரிக்கிறார்.

இந்த மண்டபத்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர்கள் கை உயர்த்துங்கள். சரி. பாலர் பள்ளியில்? வீட்டுக்கு வீடு போய்ப் பராமரிக்கிற வேலை? துப்புரவு? பாருங்கள், பாதி மண்டபம். இவை எல்லாம் யாருடையவை? கொம்மூனுடையவை. இரவு முறையில் ஒரு தாதி போதுமா, இரண்டு வேண்டுமா என்று உங்களுக்குத் தெரிந்தது போல அந்தச் சபையில் யாருக்குத் தெரியும்? ஓசா ஹெல்கசென்னிடம் இருந்த அறிவு உங்களிடம் இருக்கிறது. இருந்தும் தேர்தல் நாளில் நம் ஆட்கள், "அது அவர்களுடைய விடயம்" என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய வாக்கு அட்டையை ஒட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். நான் பெயர் சொல்லவில்லை, என் மைத்துனர் பின்வரிசையில் இருக்கிறார்.

குடியுரிமை இல்லையே என்பார்கள். 1983இல் இருந்து சட்டம் இருக்கிறது. தொடர்ந்து 3 வருடம் பதிவோடு இங்கே வாழ்ந்த வெளிநாட்டவர் கொம்மூன் தேர்தலில் வாக்களிக்கலாம், நிற்கவும் செய்யலாம். மொழி போதாது என்பார்கள். நோயாளியின் மகனோடு மருந்தைப் பற்றி வாதாட மொழி போதுமாம், சபையில் பேசப் போதாதாம்! நம் ஆட்கள் வரமுடியாது என்பார்கள். கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் துணை முதல்வராக வந்தார், 2021இல் நாடாளுமன்றம் போனார். அவர் உயரத்துக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை. உத்சிராப் பாட்டி சொன்னாரே, முறை வரும் என்று. நம் முறை வந்து வாசலில் நிற்கிறது, நாங்கள் தொலைக்காட்சித் தொடர் முடியட்டும் என்கிறோம்.

2027 செப்டெம்பரில் அடுத்த கொம்மூன் தேர்தல். வேட்பாளர் பட்டியல்கள் அதற்கு வெகு முன்பே, வசந்த காலத்திலேயே மூடிவிடும். ஆகவே செப்டெம்பரில் யோசித்தால் வாக்களிக்க மட்டும்தான் முடியும், நிற்க முடியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மணி அடித்துவிட்டது. வெளிச்சவீடு 1844இல் கட்டியது, இரண்டு கோபுரம், மேலே ஏறினால் கால் நடுங்கும், அவ்வளவுதான் இப்போது. பறவை 300 வகைக்கு மேல், தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். 2004இல் காற்றாடியும் ஹைட்ரஜனும் வைத்துப் பத்து வீடுகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு மட்டும் தனியாக ஒரு கூட்டம் வைக்கலாம், தலைவர் ஒப்புக்கொண்டால். பிரித்தானிய வானொலியின் கடல் வானிலை அறிக்கையிலும் இந்தத் தீவின் பெயர் வருகிறது, வடக்கு, தெற்கு என்று இரண்டு பகுதியாக.

கொம்மூன் அம்மையார் கூட்டம் முடிந்த பிறகும் அரை மணி நேரம் இருப்பார். சபைக் கூட்டத்தைப் பார்வையாளராகப் போய்ப் பார்ப்பது எப்படி என்று அவரிடம் கேளுங்கள். கதவடியில், பற்றிஸ் தட்டுக்குப் பக்கத்து மேசையில், ஒரு தாளும் பேனாவும் வைத்திருக்கிறது. சேர்ந்து போக விரும்புகிறவர்கள் பெயர் எழுதலாம். முதல் பெயர் என் மனைவியுடையது. மேடைக்கு ஏறும்போதுதான் எனக்கே தெரிந்தது.