கூடாத சேர்க்கையா, கூட நின்ற சாட்சியா?

வணக்கம். முதலில் நற்செய்தி: நாற்காலி கிறீச்சிடவில்லை! இதோ சாய்கிறேன், திரும்புகிறேன், கேட்கிறதா? மூச்சுக்கூட விடவில்லை. எண்ணெய் விட்டது, அட்டையை மடித்துச் செருகியது எல்லாம் பழைய வீடியோக்களில் பார்த்து நீங்களே சலித்திருப்பீர்கள். கடைசியில் குற்றவாளி அடியில் இருந்த ஒரு திருகாணி. ஒரே முறுக்கு, அடங்கிவிட்டது. புது நாற்காலி வாங்கச் சொன்னவர்கள் எல்லாரும் வரிசையில் வரலாம்.

சரி, இன்றைய கோபத்துக்கு வருகிறேன். பெற்றோருக்கான ஒரு கூட்டத்தில் பேச்சாளர் ஒருவர், "சேர்க்கைதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது" என்று ஒரே பல்லவியைப் பாடித் தீர்த்தார். ஆதாரத்துக்கு 2005-இல் உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டைன்பர்கும் வெளியிட்ட ஆய்வு. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. தோழர்கள் பக்கத்தில் இருந்தால் பதின்வயதினர் கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். ஆய்வில் குறையில்லை. ஆனால் நண்பன் என்றால் வேகத்தைக் கூட்டிவிடுகிறவன் மட்டும்தானா? இந்த அரைகுறை வாதம் எனக்கு அறவே பிடிக்காது.

என் அண்ணன் மகளை உங்களுக்குத் தெரியும், கேமராவைக் கண்டால் தலையணைக்குப் பின்னால் ஒளிகிறவள். பள்ளி நாடகத்தில் வசனம் மறந்து நின்றுவிட்டாள். "மானம் போயிற்று அத்தை, எல்லாரும் சிரித்தார்கள்" என்று ஒரே அழுகை. "பரவாயில்லை, விடு" என்றேன், காதிலேயே விழவில்லை. மறுநாள் அவள் தோழி வந்தாள். அட, சொல்ல மறந்துவிட்டேன்: இவள் ராஜா, தோழி காவலாளி. மேடையில் ஈட்டியோடு பக்கத்திலேயே நின்றவள்.

"நீ மறந்ததற்கா சிரித்தார்கள்? ‘மந்திரியாரே, நான் என்ன சொல்ல வந்தேன்?’ என்று நீயாகவே கேட்டாயே, அதற்குத்தான்!"

இவள் மூக்கை உறிஞ்சியபடியே, "மந்திரி என்ன செய்தான்?" என்றாள்.

"திருதிருவென்று விழித்தான்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது அதே கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவளே சொல்கிறாள். மந்திரியின் விழிப்பை நடித்தும் காட்டுகிறாள். தன்னைச் சமாளிக்கத் தெரிந்தவளாகவே நினைக்கத் தொடங்கிவிட்டாள்.

ஊரே தன்னை உற்றுப் பார்ப்பதாகப் பதின்வயதில் தோன்றுகிறதே, அதைக் கற்பனைப் பார்வையாளர்கள் என்று 1967-இல் எழுதினார் உளவியலாளர் டேவிட் எல்கைண்ட். அந்தக் கற்பனைக் கூட்டத்துக்கு எதிராகச் சாட்சி சொல்ல, நிஜமாகவே அங்கே நின்ற ஒருத்தி வேண்டும். ஆறுதல் சொல்லும் அத்தை போதாது.

இன்னொன்று. உளவியலாளர் மோனிஷா பசுபதியும் உடன் ஆய்ந்தவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், கவனித்துக் கேட்டவரிடம் சொன்னவர்களுக்குத்தான் சொன்ன விஷயம் பிற்பாடு கூடுதலாக நினைவிருந்தது. கைப்பேசியைத் தடவிக்கொண்டே ‘உம்’ கொட்டும் பெரியவர்களே, பிள்ளைகள் உங்களை விட்டுத் தோழர்களிடம் ஓடுவதில் என்ன அதிசயம்?

இதே தோழமை ஆளைக் கட்டியும் போடும், அதையும் சொல்லத்தான் வேண்டும். வகுப்பில் ஒருமுறை கண்ணயர்ந்ததற்கு எனக்குத் ‘தூங்குமூஞ்சி’ என்று பெயர். பிறகு எத்தனை பம்பரமாகச் சுழன்றாலும் கூட்டாளிகள் அதையே எடுப்பார்கள். நானும் கொட்டாவி விட்டுக் காட்டிச் சிரிக்க வைப்பேன். பள்ளி மாறியபோது கிடைத்த தோழியிடம்தான் அந்த வேடம் கழன்றது. அவளுக்கு அந்தக் கதை தெரியாது. நானும் இன்றுவரை சொல்லவில்லை. இந்த வீடியோவை அவள் பார்ப்பாள், பார்க்கட்டும்.