பயிற்சி ஏட்டுக்குள் வரும் போர்

நேயர்களுக்கு வணக்கம்.

புலம்பெயர்ந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இந்த உரையைத் தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். தொடக்கநிலைப் பாடநூல் ஒன்றில், நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக என்று ஒரு பயிற்சி இருந்தது. அறை, சன்னல், சமையலறை, முற்றம் என்று சில பெயர்ச்சொற்களும், 'தேர் இஸ்', 'தேர் ஆர்' என்ற இரண்டு வாக்கிய அமைப்புகளும் தெரிந்தால் யாரும் எழுதிவிடலாம் என்பது என் கணக்கு. பத்து நிமிடம் கழித்து வரிசைகளுக்கிடையே நடந்து பார்த்தபோது, நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தாளில் ஒரு சதுரத்தை வரைந்து, அதன்மேல் கோடு கோடாக இழுத்து, சதுரமே தெரியாதபடி நிரப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஏட்டை மூடி வைத்துவிட்டு வெளியே போய் நடைவழியில் நின்றார். அந்த வீடு குண்டுவீச்சில் போய்விட்டது என்பதைப் பல வாரங்களுக்குப் பிறகு அவராகவே சொன்னார். நான் கொடுத்த பயிற்சியில் 'தேர் இஸ்' என்ற நிகழ்கால அமைப்புக்கு மட்டுமே இடம் இருந்தது. 'தேர் வாஸ்' நான்கு பாடங்கள் தள்ளி வரவிருந்தது.

ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பு தந்துள்ள கணக்குப்படி, 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் இருப்பிடத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை 12 கோடியே 32 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் தம் நாட்டு எல்லைக்குள்ளேயே வேறிடம் தேடிப் போனவர்கள். எல்லை தாண்டி, ஆங்கிலம் பேசும் நாடொன்றை அடைந்து, வேலை முடிந்த களைப்போடு மொழி வகுப்பில் வந்து உட்காருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பகுதியினரே. ஆனால் அவர்களில் பலரும் வகுப்புக்கு வருவதற்கு முன்பே தம் கதையைப் பலமுறை சொல்லிவிட்டவர்கள் என்பதை ஆசிரியர்கள் மறந்துவிடுகிறோம். புகலிடம் கோருகிறவர் நேர்காணல் அறையில் ஓர் அதிகாரியின் முன்னால், மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாய்வழியாக, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வந்தார்கள், என்ன உடை அணிந்திருந்தார்கள் என்று வரிசை தவறாமல் சொல்லியாக வேண்டும். போன மாதம் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் இடையே ஒரு முரண் தென்பட்டால், அது மறதி என்று கொள்ளப்படாமல் பொய் என்று கொள்ளப்படலாம். அத்தகைய அறையிலிருந்து வந்த ஒருவரிடம், இறந்தகால வினா வாக்கியத்தைப் பழக்கும் நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், "எப்போது கிளம்பினீர்கள்? ஏன் கிளம்பினீர்கள்? யாரோடு வந்தீர்கள்?" என்று நான் அடுக்கினால், அவர் காதில் அது விசாரணையாகவே விழும்.

ஆகவே, நேர்காணல் அறையில் அந்தக் கதை சாட்சியம் என்றால், வகுப்பறையில் அது எழுதுகிறவரின் சொந்தப் பொருள் என்பதே இந்த உரையில் நான் வற்புறுத்த விரும்புவது. எவ்வளவு சொல்வது, எங்கே தொடங்குவது, யார் படிக்கலாம், எப்போது நிறுத்துவது என்ற நான்கையும் அவரே தீர்மானிக்க வேண்டும். அதற்குத் தேவையான சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் கொடுப்பதோடு ஆசிரியரின் வேலை முடிகிறது.

இதைக் கேட்கும் சிலர், அப்படியானால் போர், ஒடுக்குமுறை, சமயம் ஆகியவற்றைப் பேசாமலே விட்டுவிடலாமே, உணவும் வானிலையும் பேருந்தும் போதாதா என்று கேட்கக்கூடும். என்னோடு பணியாற்றிய அனுபவசாலிகள் சிலரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் உடன்படவில்லை. தன் வாழ்க்கையில் நடந்த மிகப் பெரிய நிகழ்ச்சிக்குப் புதிய மொழியில் சொல்லில்லாத மனிதர், எதைக் கேட்டாலும் 'ப்ராப்ளம்' என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஊரில் கலவரம் நடந்தாலும் 'ப்ராப்ளம்', தொழுகைக்குப் போனதற்காக வேலை போனாலும் 'ப்ராப்ளம்', எல்லையில் பீரங்கி முழங்கினாலும் 'ப்ராப்ளம்'. அந்தச் சொல்லைப் பிரித்துக் கொடுப்பதுதான் முதல் பாடம்.

போரைக் குறிக்கும் 'வார்' என்பதற்கும் ஒடுக்குமுறையைக் குறிக்கும் 'பெர்செக்யூஷன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்க 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையைவிடத் தெளிவான துணை எனக்குக் கிடைக்கவில்லை. இனம், சமயம், நாட்டினம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவில் இடம்பெற்றிருப்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகத் தாம் கொடுமைக்கு உள்ளாவோம் என்று தகுந்த ஆதாரத்தோடு அஞ்சுகிறவரே அந்த உடன்படிக்கையின்படி அகதி. போர் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். குண்டு யார் தலையில் விழுகிறது என்று பார்த்து விழுவதில்லை. ஒடுக்குமுறையோ கையில் பெயர்ப்பட்டியலோடு வருகிறது. ஆப்பிரிக்க நாடுகள் 1969இல் தமக்கென வகுத்துக்கொண்ட உடன்படிக்கை, அந்நியப் படையெடுப்பாலும் பொது ஒழுங்கு குலைந்ததாலும் ஓடி வந்தவர்களையும் அகதிகள் என்று ஏற்றுக்கொண்டது. இவற்றைச் சட்டப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. தம் அனுபவம் இந்த இரண்டு சொற்களில் எதற்குள் அடங்கும் என்று ஒவ்வொருவரும் தமக்குள் யோசித்துக்கொண்டால் போதும். வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

'ரெஃப்யூஜி' என்ற சொல்லே ஆங்கிலத்துக்கு அகதிகளோடு வந்த சொல் என்பதையும் நான் தவறாமல் சொல்வேன். பிரான்சின் சீர்திருத்தக் கிறித்தவர்களான யூகெனோக்களுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி மன்னன் நீக்கியபோது, பல்லாயிரக்கணக்கானோர் நாட்டை விட்டு வெளியேறினர். அவர்களில் இங்கிலாந்துக்கு வந்தவர்களைக் குறிக்கத்தான் அந்தப் பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வேற்று மொழி பேசிக்கொண்டு வந்தவர்களின் சொல்லைத்தான் இன்று தம்மைக் குறிக்கவும் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டபோது, மாணவர் ஒருவர் அந்தச் சொல்லை ஏட்டில் மறுபடியும் எழுதி அடிக்கோடிட்டதைப் பார்த்தேன்.

இலக்கணத்துக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையைத் தவிர்க்கச் சொல்லி எழுத்துப் பயிற்சி நூல்கள் ஓயாமல் அறிவுரை கூறுகின்றன. எங்கள் வகுப்பில் அந்த அறிவுரையை நான் ஓரமாக வைத்துவிட்டேன். 'மை ப்ரதர் வாஸ் டேக்கன்', அதாவது என் சகோதரர் பிடித்துச் செல்லப்பட்டார், என்று ஒருவர் எழுதினால், யாரால் என்று கேட்பது இலக்கண ஆசிரியரின் பழக்கம். ஆனால் எழுதியவர் அந்தப் பெயரைச் சொல்ல விரும்பாமல் இருக்கலாம், அஞ்சிக்கொண்டிருக்கலாம், அல்லது வந்தவர்கள் யார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாமல் இருக்கலாம். தமிழில் "பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்று எழுவாயே இல்லாமல் சொல்லிவிடுகிறோம்; கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது என்பதால், செய்தவரை மறைப்பதற்கு அம்மொழி வைத்திருக்கும் கண்ணியமான திரை இந்தச் செயப்பாட்டு வினைதான். அதைக் கற்றுக்கொடுத்து, பக்கத்திலேயே 'தே டுக் மை ப்ரதர்' என்ற செய்வினையையும் எழுதிக் காட்டி, இரண்டில் எது வேண்டும் என்ற தேர்வை அவரிடம் விட்டுவிடுவேன். 'லெஃப்ட்', 'ஃப்ளெட்', 'எஸ்கேப்ட்', 'வேர் எக்ஸ்பெல்ட்' என்ற நான்கையும் அதேபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவேன். கிளம்பினோம், ஓடினோம், தப்பினோம், வெளியேற்றப்பட்டோம் என்ற நான்கில் எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, நடந்ததற்குப் பொறுப்பு யார்மேல் விழுகிறது என்பதே மாறிவிடுகிறது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சீனம், வியட்நாமியம் போன்ற மொழிகளில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பதால், அம்மொழிக்காரர் இறந்தகாலத்தில் தடுமாறுவது இயல்பு. ஆனால் தாய்மொழியில் காலம் காட்டிப் பழகியவர்களும், துயரமான இடம் வந்தவுடன் நிகழ்காலத்துக்குத் தாவுவதைக் கவனித்திருக்கிறேன். "என் அம்மா வாசலில் நிற்கிறார்" என்ற வாக்கியத்தைத் திருத்துவதற்கு முன் எழுதியவரைக் கேட்டுவிடுவது நல்லது.

சொந்தக் கதைக்குப் போவதற்கு முன் பிறர் எழுத்தைப் படிப்பது வழியைச் சற்று எளிதாக்கும். நாஜிகளிடமிருந்து தப்ப ஒளிந்து வாழ்ந்த ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமியைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் எழுதியது கற்றுக்கொண்ட மொழியில் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. 1929இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்து, நான்கு வயதில் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, அங்கே பள்ளியில் கற்ற டச்சு மொழியில்தான் தன் நாட்குறிப்பை எழுதினார். 1944 மார்ச்சு 28 அன்று, நாடு கடந்த நெதர்லாந்து அரசின் அமைச்சர் போல்கெஸ்டெய்ன், மக்கள் தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று லண்டனிலிருந்து வானொலியில் கேட்டுக்கொண்டார். மறைவிடத்தில் அதைக் கேட்ட அந்தச் சிறுமி, தான் எழுதியவற்றை எடுத்து, வேண்டாதவற்றை நீக்கி, சிலருக்குப் புனைபெயர் இட்டு, மறுபடி எழுதத் தொடங்கினார். வானொலியில் பேசும்போது இதைச் சொல்வதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்புக்கு இதில் கிடைக்கும் பாடம் வேறு: ஒன்றை விட்டுவிடுவதும் பெயரை மாற்றுவதும் பொய் ஆகிவிடாது, எழுத்தாளரின் உரிமை அது. நேர்காணல் அறையில் இல்லாத உரிமையும் அதுவே.

எழுதவே தெரியாதவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. அவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அந்தச் சொற்களை அப்படியே எழுதி, அதையே அவருக்குப் படிப்புப் பாடமாகக் கொடுப்பது. தாம் சொன்ன வாக்கியம் என்பதால் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொருள் முந்தி வந்துவிடும். சொல்பவர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போக விரும்பினால் அது அவருடையது. கிழித்துப் போட விரும்பினாலும் அவருடையது. சுவரில் ஒட்டுவது, படம் பிடித்துப் பரப்புவது ஆகியவற்றை நான் அறவே விட்டுவிட்டேன். எழுதியவர் பாதுகாப்பாக இருக்கலாம். அவர் தங்கை இன்னும் அந்த ஊரில் இருக்கலாம்.

சமயத்தைப் பற்றி எழுதவைப்பது போரைப் பற்றி எழுதவைப்பதைவிடக் கடினம் என்பது என் அனுபவம். தமிழில் நம்பிக்கை என்ற ஒரு சொல்லால் இறைவனையும் நாளையையும் நண்பனையும் நம்புகிறோம். ஆங்கிலம் அதை 'ஃபெய்த்', 'ஹோப்', 'ட்ரஸ்ட்', 'பிலீஃப்' என்று கூறு போட்டுவிடுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு சமயத்தாரால் துரத்தப்பட்டவரும் அதே சமயத்தைச் சேர்ந்த, வேறொரு கொடுமையிலிருந்து தப்பி வந்தவரும் ஒரே மேசையில் அருகருகே உட்கார்ந்திருப்பார்கள். நம்பிக்கையை முற்றிலும் இழந்துவிட்டவரும் அங்கே இருப்பார். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் தன் 18ஆவது பிரிவில், சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையோடு அதை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது என்பதை முதல் நாளிலேயே படித்துவிடுவோம். அதன்பின், எதை நம்புகிறீர்கள் என்று கேட்கமாட்டேன். வழிபடும் நேரத்தில் உங்கள் கைகள் என்ன செய்யும், அந்த இடத்தில் என்ன ஓசை கேட்கும், யார் உங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பேன். கோட்பாட்டைப் பற்றிக் கேட்டால் வாதம் வளரும். கைகளைப் பற்றிக் கேட்டால் பாட்டியைப் பற்றி எழுதுவார்கள்.

எழுதினால் மனப்புண் ஆறிவிடும் என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே பரவலாக உள்ளது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் தம் சக ஆய்வாளரோடு 1986இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தம் வாழ்வின் கொடிய அனுபவத்தையும் அதையொட்டிய உணர்ச்சிகளையும் எழுதிய மாணவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ உதவி நாடியது குறைந்திருந்தது. ஆனால் எழுதிய உடனே அவர்கள் மனம் மேலும் சோர்ந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் உள்ள செய்தி. அதோடு, அவர்கள் கல்லூரி மாணவர்கள். வகுப்பில் எவர் முன்னாலும் அதைப் படித்துக்காட்டும் கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. நானோ மருத்துவர் அல்லேன். வாரம் இருமுறை வரும் ஆங்கில ஆசிரியர். தூக்கமின்மையும் நடுக்கமும் கண்ணில் படும்போது உரிய மனநல உதவிக்கு வழிகாட்டுவது என் கடமை. அந்த உதவியாக நானே மாற முயல்வது ஆபத்து.

கடைசியாக, திருத்துவதைப் பற்றி. எப்போதும் பென்சிலால்தான் திருத்துகிறேன். ஒரு முதியவர், பல மாதங்கள் கடைச் சீட்டும் முகவரியும் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். அதன் முதல் வாக்கியம், 'சோல்ஜர்ஸ் ப்ரோக் த டோர்'. படைவீரர்கள் கதவை உடைத்தார்கள். முதல்முறை குறிப்பிடும் பொருளுக்கு 'எ' வரும், வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்ததற்குத்தான் 'த' வரும் என்று முந்தைய வாரம்தான் நடத்தியிருந்தேன். அதனால் 'த' என்பதன்கீழ் ஒரு சிறு கோடு போட்டு, அவரைக் கூப்பிட்டு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், எங்கள் வீட்டுக்கு ஒரே கதவுதான்" என்றார். ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருளுக்கு 'த' வரும் என்பதும் இலக்கண விதிதான். ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்துவிட்டு, அடுத்த வரியைப் படித்தேன்.

நன்றி, வணக்கம்.