முகமூடிக்குப் பின்னால் இருக்கும் ஆட்டம்

நண்பர்களே, அமெரிக்க பேஸ்பால் வீரர் அட்லி ரட்ச்மேன் என்று சொன்னதும் எல்லோரும் அவர் பேட்டிங் கணக்கைத்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவர் ஒரு கேட்சர். முகமூடி மாட்டிக்கொண்டு, கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கிற இடம்தான், ஆனால் அடுத்த பந்து எப்படி வர வேண்டும் என்று பிட்சருக்கு, அதாவது பந்து வீசுகிறவருக்கு, சொல்வதும், தரையில் குத்தி எகிறும் பந்தை நெஞ்சைக் கொடுத்துத் தடுப்பதும், பேஸ் திருட, அதாவது பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு, ஓடுகிறவனை ஒரே எறியில் மடக்குவதும் அவர் வேலை. இத்தனையையும் ஆட்டம் முழுக்கக் குத்தவைத்து எழுந்துகொண்டே செய்ய வேண்டும்.

ஓரிகன் மாநிலத்து ஷெர்வுட் ஊரில் வளர்ந்தவர், 1998இல் பிறந்தவர். விளையாட்டு அந்த வீட்டிலேயே இருந்தது. தாத்தா ஆட் ரட்ச்மேன் லின்ஃபீல்ட் கல்லூரிப் பயிற்சியாளர். அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் இரண்டிலும் அந்தக் கல்லூரிக்கு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அப்பாவும் கேட்சர்தான். 2016இல் சியாட்டில் மரைனர்ஸ் அணி, தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் 40ஆவது சுற்றில் இவரை எடுத்தது. இவரோ அதை விட்டுவிட்டு ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே முதல் வருஷம் அமெரிக்கக் கால்பந்து அணியிலும் கிக்கராக, பந்தை உதைப்பவராக, இருந்தார். எதிரணியான ஸ்டான்ஃபோர்டின் ஓட்டக்காரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி பந்தோடு பாய்ந்து வந்தபோது, உதைத்த இவரே ஓடிப்போய் அவரைச் சாய்த்தார்!

சரி, நான் சொல்ல வந்தது 2017ஐப் பற்றி. கல்லூரி பேஸ்பாலில் அது அவருடைய முதல் சீசன், பேட்டிங் சராசரி வெறும் .234, அதாவது ஆயிரம் முறை அடிக்க வந்தால் 234 ஹிட் என்ற கணக்கு. வேறு யாராக இருந்தாலும் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ஆனால் பயிற்சியாளர் பேட் கேசி அவரைத் தொடர்ந்து ஆட வைத்தார். அந்த வருஷம் அணி 56 ஆட்டங்களில் ஜெயித்து 6இல் மட்டுமே தோற்றது. அடிக்காத ஒரு பையனை அவ்வளவு பெரிய அணி ஏன் விடாமல் வைத்துக்கொண்டது? பிட்சர்கள் அவர் கையுறையை நம்பினார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் பேட்டும் பேசியது. 2018, ஒமாஹாவில் கல்லூரி உலகத் தொடர். மூன்று ஆட்டங்கள் கொண்ட இறுதியில் ஆர்கன்சா அணியிடம் முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதில் இன்னும் ஒரே ஒரு அவுட்டில் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலையில், எல்லைக் கோட்டுக்கு வெளியே எழும்பிய எளிதான ஃபவுல் பந்து ஒன்றைப் பிடிக்காமல் எதிரணி தவறவிட, அங்கிருந்து மீண்டு வந்தார்கள். ரட்ச்மேன் அந்தத் தொடரில் 17 ஹிட் அடித்து சாதனை படைத்தார், சிறந்த வீரர் விருதும் அவருக்கே. ஆனால் மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள்: முதலாமாண்டு மாணவர் கெவின் ஏபல் இரண்டே ஹிட் கொடுத்து 5-0 என்று முடிக்கிறார். அந்தச் சின்னப் பையனை ஒன்பது இன்னிங்சும் கூட்டிக்கொண்டு போனது முகமூடிக்குப் பின்னால் இருந்தவர்.

2019இல் சராசரி .411, 17 ஹோம் ரன், தொழில்முறைக்கு வராத வீரர்களில் சிறந்தவருக்கான கோல்டன் ஸ்பைக்ஸ் விருது. ரீஜனல் சுற்றில் சின்சினாட்டி அணி, பேஸ் மூன்றும் நிரம்பியிருக்கும்போதே, ஒரு ரன் போனால் போகட்டும் என்று வேண்டுமென்றே அவருக்கு வாக் கொடுத்தது, அதாவது அடிக்கவே விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பியது. அப்புறம் பால்டிமோர் ஓரியோல்ஸ் டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்து 81 லட்சம் டாலர் கொடுத்தது.

2021இல் அந்த அணி 110 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 2022 மே மாதம் இவர் வந்து பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்த வருஷமே 83 வெற்றி, அடுத்த வருஷம் 101. அவர் ஒருவரால்தான் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் ஹோம் ரன் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தை யாராலும் விளக்கிவிட முடியாது.