ஸ்டூல் போட்டாச்சு, உட்கார விடுகிறோமா?

வணக்கம் நண்பர்களே. தீபாவளி சீசன் தொடங்கப் போகிறது. அதனால் இந்த வீடியோவைத் துணிக்கடை முதலாளிகளுக்கும், முக்கியமாக ஃப்ளோர் சூப்பர்வைசர்களுக்கும் என்றே எடுக்கிறேன். வேலை டென்ஷன் என்றாலே ஐடி கம்பெனியைத்தான் பேசுகிறோம். ரங்கநாதன் தெருவில் நாள் முழுக்க நின்று புடவை விரிக்கிறவர்களுக்கு அது இல்லையா என்ன?

2021-ல் நம்ம ஊர்க் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைத்தால் உட்காரலாம். கேரளாவில் 2018-லேயே இது வந்துவிட்டது. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களே போராடிப் பெற்ற உரிமை அது.

சரி, இப்போது கடைக்குள் போய்ப் பாருங்கள். கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கும். கூட்டமே இருக்காது, ஆனாலும் அந்தப் பெண் நின்றுகொண்டுதான் இருப்பார். அசந்து உட்கார்ந்தாலும் சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் எழுந்துவிடுவார். சோம்பேறி என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்ற பயம். சட்டம் ஸ்டூலைக் கொடுத்துவிட்டது, உட்காரும் தைரியத்தைச் சூப்பர்வைசர்தான் கொடுக்க வேண்டும். காலையில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: "ஆள் இல்லாதபோது உட்காருங்கம்மா, நான் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம்." சொன்னால் மட்டும் போதாது, நீங்களும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

அப்புறம் பாத்ரூம். அதற்கும் அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர். பக்கத்துக் கவுன்டரில் சொல்லிவிட்டுப் போனால் போதும் என்று வைத்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

லண்டனில் அரசு ஊழியர்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஒயிட்ஹால் ஆய்வு பிரபலமானது. தன் வேலையில் தனக்கென்று பெரிதாக எந்த முடிவும் எடுக்க முடியாத ஊழியர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது தெரிந்தது. எப்போது உட்காரலாம், எப்போது தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாத ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

எனக்கு மனசு கேட்காத விஷயம், கஸ்டமர் முன்னால் திட்டுவது. மலை மாதிரி புடவையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போய்விடுவார்கள். உடனே "பேசத் தெரியாதா உனக்கு?" என்று அத்தனை பேர் நடுவே ஒரு சத்தம். அடுத்த கஸ்டமரிடம் அந்தப் பெண் எப்படிச் சிரித்த முகமாகப் பேசுவார்? அந்த நேரத்தில் பேசாமல் பக்கத்தில் போய் நின்று இரண்டு புடவை மடித்துக் கொடுங்கள். சொல்ல வேண்டியதைச் சாயங்காலம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சூப்பர்வைசர் சத்தம் போடுவதே உங்கள் டார்கெட்டை நினைத்துத்தான். தினமும் ராத்திரி அவரிடம் எவ்வளவு சேல்ஸ் என்று கேட்கிறீர்கள். கூடவே, எல்லோரும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள்.