யாருக்குக் கைதட்டுகிறோம்?

(பினாங்கில் இசை ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

‘இன்றைய ஜாஸில் யார் பெரியவர்?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்புதான். ஆனால் நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை. இரண்டு பக்கமும் நானே பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிரம்பெட் கலைஞர் விண்டன் மார்சாலிஸ். 1984 கிராமி விழாவில் ஜாஸுக்கு ஒரு விருது, மேற்கத்திய சாஸ்திரிய இசைக்கு ஒரு விருது. அடுத்த ஆண்டும் அப்படியே. 1997இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு, ஜாஸ் படைப்பு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுதான் முதல் தடவை. நியூயார்க் லிங்கன் சென்டரில் ஜாஸுக்கு நிரந்தர மேடை அமைந்ததிலும் அவர் உழைப்பு பெரிது. ஆனால் ஸ்விங் என்னும் துள்ளுநடை, புளூஸ் என்னும் ஏக்க இசை இரண்டும் இல்லையென்றால் அது ஜாஸே இல்லை என்று கோடு கிழித்தவரும் அவர்தான். முந்தைய தலைமுறை டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் மின்கருவிகளின் பக்கம் போனதை மார்சாலிஸ் ஏற்கவில்லை. நம் சபாக்களில் பாடாந்தரச் சுத்தம் பேசும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த வகை. அவர்கள் காவல் இருப்பதால்தான் கீர்த்தனை சிதையாமல் வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். அவர்களே சபா செயலாளராகவும் இருந்தால்தான் வம்பு.

எதிர்ப்பக்கம் காமாசி வாஷிங்டன். 2015இல் ‘தி எபிக்’ என்று ஏறக்குறைய மூன்று மணி நேர இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதே ஆண்டு ராப் பாடகர் கென்ட்ரிக் லமாரின் தொகுப்பிலும் சாக்ஸபோன் வாசித்தார். ஜாஸ் பக்கமே தலைவைக்காத பிள்ளைகள் அவரைக் கேட்க வரிசையில் நின்றார்கள். அது சின்னக் காரியமில்லை. என் காதுக்கு ஒரு குறை மட்டும் தெரிகிறது: ஒவ்வொரு தனிவாசிப்பும் ஒரே சிகரத்துக்கு, ஒரே வேகத்தில் ஏறுகிறது. மூன்றாவது ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்குகிறது.

இப்போது நம்மவர். விஜய் ஐயர் பெயரைச் சொன்னதும் இங்கே இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தது தெரிந்தது! அமெரிக்காவில் பிறந்தவர், தமிழ்ப் பெற்றோர், யேல் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் கணிதமும் படித்தவர், 2013இல் மெக்ஆர்தர் நல்கை, பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். திருமண வரன் பார்ப்பதுபோல இந்தப் பட்டியலை நாம் ஒப்பிப்போம். அவர் பியானோவைக் கேட்டவர் எத்தனை பேர்? அங்கே சில விமர்சகர்கள் ‘மூளையால் வாசிக்கிறார், வெறும் கணக்கு’ என்றார்கள். தனியாவர்த்தனத்தில் கோர்வை வந்து சமத்தில் விழும்போது ‘பலே’ சொல்லும் ஊர்க்காரர்கள் நாம். கணக்கு இருந்தால் உணர்ச்சி வற்றிவிடும் என்று நம்மிடம் யாராவது சொல்ல முடியுமா? அவரைத் தாக்கியவர்களும் சரி, தூக்கிப் பிடித்த நாமும் சரி, படிப்பைத்தான் பார்த்தோம்.

நான் வைக்கும் உரைகல் வேறு. ஒருவர் தனித்து வாசிக்கும்போது எப்படி என்பதைவிட, பக்கத்தில் இருப்பவர் வாசிக்கும்போது இவர் என்ன செய்கிறார் என்று பார்ப்பேன். பக்கவாத்தியக்காரர் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் கச்சேரியில் முதன்மைப் பாடகர் எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் எனக்கு ஒப்பாது. ஐயர் 2021இல் வெளியிட்ட ‘அனீஸி’ தொகுப்பில் மூவர்தான்: அவர், டிரம்ஸில் டைஷான் சோரி, டபுள் பேஸ் என்னும் ஆளுயரத் தாழ்சுரத் தந்திக் கருவியில் லிண்டா மே ஹான் ஓ. சோரி பிற்பாடு, 2024இல், புலிட்சர் வாங்கினார். மூன்றாமவர் யார் தெரியுமா? மலேசியாவில் பிறந்தவர்! சீனக் குடும்பம், சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போய்விட்டார்கள். கிட்டார் கலைஞர் பேட் மெத்தேனியோடும் வாசித்தவர். தன் பெயரிலும் தொகுப்புகள் கொண்டுவந்திருக்கிறார். 2009இல் வந்த முதல் தொகுப்பிலேயே பியானோவும் கிட்டாரும் இல்லாமல் டிரம்பெட், பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே கருவிகளோடு துணிந்து இறங்கினார். தாங்குவதற்குப் பியானோ இல்லாத இடத்தில் சுருதியின் சுமை முழுக்க பேஸின் தலையில்தான். ஐயரை ‘நம்ம பையன்’ என்று கொண்டாடும் நாம், அவர் பக்கத்திலேயே நிற்கும் நம் நாட்டுப் பெண்ணை எங்காவது பேசியிருக்கிறோமா? அவர் தமிழராக இல்லாதது ஒரு காரணம். பேஸ் வாசிப்பது இன்னொரு காரணம், அதுவே பெரியது என்று நினைக்கிறேன். எந்த ஊரிலும் பேஸ்காரர் பெயரை யாரும் கேட்பதில்லை.

உள்ளூர்க் கதையும் இப்படித்தான். இதே பினாங்கின் ஜிம்மி பாய்ல் ஜாஸ் பியானோக்காரர். 1971இல் மறைந்தார். மெர்டேக்கா என்னும் மலேசியச் சுதந்திர நாளில் பாடும் ‘புத்ரா புத்ரி’ அவர் மெட்டு. பாட்டு எல்லாருக்கும் தெரியும். அவர் ஜாஸ் வாசித்தவர் என்பது இந்தத் தீவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் மணிக்கட்டைத் தடவுகிறார். பெரியவர் யார் என்று கேட்டால் ஐயர், சோரி, ஓ என்ற மூவர் குழுவுக்கே என் ஓட்டு, தனி ஆளுக்கு இல்லை. ‘அனீஸி’யில் ‘நைட் அண்ட் டே’ என்ற பழைய பாட்டு இருக்கிறது. அதை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை பியானோவை விட்டுவிட்டு பேஸை மட்டும் கேளுங்கள். ஒலிபெருக்கி அருகில் இருக்கும் தம்பி, பேஸைக் கொஞ்சம் கூட்டி வையப்பா.