பெரியவரை யாரும் கேட்கவில்லை: 'குடும்பம் சிறுத்தது வரமே' அணியில் ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா, இரண்டு அணித் தோழர்களே, பொங்கல் அன்றைக்கும் வீட்டில் டி.வி. முன்னால் உட்காராமல் எங்களை நம்பி வந்திருக்கும் பெரம்பூர்ப் பெருமக்களே, வணக்கம். பாராட்டெல்லாம் போகும்போது சொல்கிறேன், நேரம் கம்மி.

தலைப்பு, 'சென்னையில் குடும்பம் சிறுத்தது வரமா, வருத்தமா?' நான் வரம் என்று பேச வந்திருக்கிறேன். எந்த அணி என்று கேட்காமல்தான் ஒத்துக்கொண்டேன். மேடை ஏறிப் பார்த்தால் இந்தப் பக்கத்து நாற்காலிதான் காலியாக இருந்தது. உட்கார்ந்தாயிற்று, இனி கொள்கையில் உறுதியாக நிற்பேன்.

ஆனால் எனக்கு ஒரு தகுதி உண்டு ஐயா. நான் பள்ளிக்கூட ஆசிரியை. 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வீடு வீடாக ஏறி இறங்கியவள். எதிரணி அண்ணன் குடும்பத்தைப் பற்றி உருகினார். நான் குடும்பத்தை எண்ணியிருக்கிறேன்.

அந்தக் கணக்குப்படி சென்னை மாவட்டத்தில் 46,46,732 பேர். குடும்பங்கள் சுமார் 11½ லட்சம். வகுத்தால் ஒரு குடும்பத்துக்கு நாலு பேர். அண்ணன் இந்த நாலைப் பிடித்துக்கொண்டுதான் 'பட்டணம் குடும்பத்தை உடைத்துவிட்டது' என்றார். அண்ணே, தமிழ்நாடு முழுமைக்கும் அதே கணக்கெடுப்பில் சராசரி 3.9. வயலும் வரப்புமாக இருக்கிற ஊர்களையும் சேர்த்துத்தான் இந்த 3.9. அப்புறம் பட்டணம் மட்டும் என்ன பாவம் செய்தது?

சரி, இந்தக் குடும்பத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று தெரியுமா? ரத்த சம்பந்தத்தை வைத்து அல்ல, கூரையை மட்டும் வைத்தும் அல்ல. சேர்ந்து வசித்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். அவ்வளவுதான். சொந்தமே இல்லாதவர்கள் ஒரு நிறுவனத்தில் தங்கி ஒரே சமையலில் சாப்பிட்டால் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது, நிறுவனக் குடும்பம். ஹாஸ்டல் ஒரு குடும்பம். ஜெயில் ஒரு குடும்பம். ஜெயிலை மாமியார் வீடு என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? அரசாங்கமே ஒத்துக்கொண்டிருக்கிறது!

இந்த விதியைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டேரியில் ஒரு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஒரு பெரியவர். "வாங்க டீச்சரம்மா, எழுதிக்குங்க. ஒரே குடும்பம், ஒம்போது பேரு" என்றார். அந்த 'ஒரே'யைச் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொண்டார். நான் படிவத்தை விரிக்கிறேன். உள்ளேயிருந்து ஒரு குரல்: "டீச்சர், ரெண்டுன்னு போடுங்க."

மூத்த மருமகள்.

பெரியவர் கேட்காத மாதிரி தெருவைப் பார்க்கிறார். நான் கேட்டேன், "ஏம்மா, சமையல் தனியா?" "ஆமா டீச்சர், போன தையிலேருந்து." பெரியவர் திரும்பினார். "கேஸ் கனெக்ஷன் ஒண்ணுதாம்மா, என் பேர்லதான் இருக்கு!" உள்ளேயிருந்து இரண்டாவது குரல்: "சிலிண்டர் அக்கா கிட்ட இருக்கு டீச்சர், நான் ஸ்டவ்வுல பொங்கறேன்." அது சின்ன மருமகள். ஆக அடுப்பு இரண்டு, குடும்பம் இரண்டு. எழுதப் போனேன்.

இப்போது மாமியார் வெளியே வந்தார். விதிப்படி கேட்க வேண்டுமே, கேட்டேன். "அம்மா, நீங்க யார் சமையல்ல சாப்பிடறீங்க?" "காலையில பெரியவ கிட்ட, ராத்திரி சின்னவ கிட்ட." "மத்தியானம்?" "மத்தியானம் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவாளுங்க. நானே ஒரு வாய் பொங்கிக்குவேன்."

ஐயா, குடும்பம் மூன்றாகிவிட்டது!

பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒண்ணுன்னு ஆரம்பிச்சேன். இந்தம்மா இன்னும் கால் மணி நேரம் உக்காந்தா ஓட்டேரியே பிரிஞ்சிடும்! பாகப்பிரிவினை கேஸு கோர்ட்டுல இருபது வருசம் இழுக்குது, இவங்க ஒரு பேனாவுல முடிச்சிட்டாங்க!" அவரைச் சமாதானப்படுத்த மாமியார் சொன்னார், "ஞாயித்துக்கெழம வாங்க டீச்சர், அன்னிக்கு ஒரே குடும்பம்தான்." ஏன் என்றால் அன்றைக்கு வஞ்சிரம். வஞ்சிரம் விற்கிற விலைக்கு இரண்டு குழம்பு வைக்க முடியாது. கூட்டுக் குடும்பத்தை இன்றைக்குக் காப்பாற்றிக்கொண்டிருப்பது மீன் விலைதான் ஐயா, குறித்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. ஒரு ஆளை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது. மாமியாரை எங்கே எழுதுவது? மூத்தவள் சொன்னாள், "எங்க கணக்குல போடுங்க டீச்சர்." சின்னவள் ஓடி வந்தாள், "அத்தைக்கு முழங்கால் வலின்னா நான்தான் தைலம் தேய்க்கறேன், எங்க கணக்குல போடுங்க." பத்து நிமிஷம் இழுபறி. பெரியவரை யாரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே, "இவ எங்கேயோ, அங்கே என்னையும் போட்டுடுங்கம்மா" என்றார்.

இரண்டு குடும்பம் என்று எழுதினேன். மாமியாரை எங்கே எழுதினேன் என்று கேட்காதீர்கள், கணக்கெடுப்பில் சொல்கிற தகவல் சட்டப்படி ரகசியம். ஆனால் நடுவர் ஐயா, ஒன்றை யோசியுங்கள். ஒரே அடுப்பாக இருந்த காலத்தில் அந்த மருமகள்கள் மாமியாருக்காகச் சண்டை போட்டிருப்பார்களா? மாமியாரோடுதான் போட்டிருப்பார்கள்!

சரி, பிள்ளைகள் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று எதிரணித் தம்பி சொன்னார். எங்கே போனார்கள்? 2001இலிருந்து 2011 வரை சென்னை மாவட்டம் வளர்ந்தது 7 சதவீதம். அதே பத்து வருஷத்தில் காஞ்சிபுரம் மாவட்டம் 38 சதவீதத்துக்கு மேல், திருவள்ளூர் 35 சதவீதத்துக்கு மேல். கல்யாணமான பையன் புரசைவாக்கத்தில் வாடகை கேட்டான், அம்பத்தூருக்குப் போனான். அவன் பாசத்தை அறுத்துக்கொண்டு போகவில்லை தம்பி, வாடகை தள்ளிக்கொண்டு போனது. அதற்காக மாநகராட்சி அவனை விட்டதா? 2011 அக்டோபரில் 174 சதுர கிலோமீட்டர் நகரத்தை 426 ஆக்கி, அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் வரைக்கும் துரத்திப் போய்ப் பிடித்துக்கொண்டது. அப்பா கண்டுகொள்ளாத பையனைக்கூடச் சொத்து வரி கண்டுகொள்ளும்.

இன்னும் நாலைந்து பாயிண்ட் எழுதி வைத்திருந்தேன். அதைப் பேச விடாமல் ஒரு காரியம் செய்துவிட்டார் எதிரணி அண்ணன். நீங்கள் எல்லோரும் விசில் அடித்தீர்களே, அந்த இடம். என்ன சொன்னார்? "அன்றைக்கு இருபது பேருக்கு ஒரு கக்கூஸ், வீட்டில் சண்டையே இல்லை. இன்றைக்கு மூணு பேருக்கு மூணு பாத்ரூம், வீட்டில் பேச்சே இல்லை."

மூணு பாத்ரூமை முதலில் பார்ப்போம். மாநிலம் முழுக்கச் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர், சென்னையில் 26,553 பேர். 2011 கணக்கு. இந்த நெரிசலில் மூணு பேருக்கு மூணு பாத்ரூம் வைத்திருக்கிறவர் யார் அண்ணே? விலாசம் கொடுங்கள், ஒரு போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

இப்போது அந்த ஒரு கக்கூஸ். அண்ணே, நான் புரசைவாக்கத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவள். நடுவில் முற்றம், சுற்றிலும் எட்டுக் குடித்தனம், பின்கட்டில் ஒரு அடிபம்பு, ஒரே ஒரு கக்கூஸ். எங்கள் குடித்தனத்தில் ஒரு அறையும் சமையல்கட்டும். அதில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை, அப்புறம் நாங்கள். அண்ணன் ஏங்குகிற அதே கூட்டுக் குடும்பம்.

அந்த வரிசையில் நீங்கள் எத்தனை மணிக்கு நின்றீர்கள் அண்ணே? ஆண்கள் ஏழு மணிக்கு எழுந்து, பேப்பரை அக்குளில் செருகிக்கொண்டு போவார்கள். அப்போது வரிசையே இருக்காது. ஏன் இருக்காது? வீட்டுப் பெண்கள் எல்லாம் நாலரை மணிக்கே எழுந்து இருட்டோடு இருட்டாகப் போய் வந்துவிடுவார்கள். மாமனார் பின்னால் வாளியோடு நிற்க எந்த மருமகளுக்கு மனசு வரும்? ராத்திரி தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்கள், நடுவில் எழுந்திருக்க வேண்டுமே என்று. வயசுக்கு வந்த பெண் அந்த மூன்று நாளும் என்ன பாடு படுவாள் என்று இங்கே இருக்கிற அக்காமார்களைக் கேளுங்கள். இவ்வளவும் நடந்து முடிந்து, முற்றம் காலியான பிறகு எழுந்து வந்து சோம்பல் முறித்துவிட்டு, "ஆஹா, சண்டையே இல்லை" என்கிறார் அண்ணன்!

விசில் அடித்த தம்பிகள் இப்போது கை தட்டலாம்.

இன்னொன்று. சென்னையில் 2001இல் ஆயிரம் ஆண்களுக்கு 957 பெண்கள். 2011இல் 989. இதற்குக் காரணம் ஆராய்ச்சிக்காரர்கள் பல சொல்வார்கள். எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. முன்னே ஆண் மட்டும் ரயில் ஏறி வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் கட்டில் போட்டான், அவன் பெண்டாட்டி ஊரில் பெரிய குடும்பத்துக்குப் பொங்கிப் போட்டாள். இப்போது அவள் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டாள். மூன்று பேர்தான். ஆனால் மூன்று பேரும் ஒரே வீட்டில்.

முதியவர்களின் தனிமைக்குப் பதில் சொல்லச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அறுபது தாண்டியவர்கள் 2021 மதிப்பீட்டில் 13.6 சதவீதம், நாட்டில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பெரிய பிரச்சினைதான். விரிவாகப் பேச வேண்டும் என்றுதான் வந்தேன், ஐயா மணியில் கை வைத்துவிட்டார்கள். என்ன செய்வது!

ஒரு நிமிஷம் மட்டும் கொடுங்கள் ஐயா.

எனக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது சித்தப்பாக்களுக்குக் கல்யாணமாகி, அந்த ஒற்றை அறையில் இடமில்லாமல், நாங்கள் நாலு பேர் வியாசர்பாடியில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். பாட்டி அழுதாள். தாத்தா பேசவே இல்லை. அப்பா வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். குடும்பம் உடைந்துவிட்டது என்று நானும் அழுதேன். சாமான் இறக்கிய அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவைக் காணோம். தேடினால் உள் அறைக் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினேன். "என்னம்மா பண்றே?" உள்ளேயிருந்து அம்மா சொன்னாள், "சும்மா இருக்கேன்டி."

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் என் அம்மா சாத்திய முதல் கதவு ஐயா அது. அதற்கு முன்னால் அவள் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை. புடவை மாற்றக்கூடப் பாட்டியைக் காவலுக்கு நிற்க வைத்தவள். அன்றைக்கு அரை மணி நேரம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, யாருக்கும் எதுவும் செய்யாமல், தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறமும் ஞாயிறு தவறாமல் புரசைவாக்கம் போனோம். பாட்டி கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது, இருந்த மூன்று மருமகள்களில் யார் வீட்டுக்கு வந்தாள் தெரியுமா? வியாசர்பாடிக்கு. அம்மா அந்த அறையைப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு மறுபடி சமையல்கட்டில் படுத்தாள். சொல்லவே இல்லை, முணுமுணுக்கக்கூட இல்லை.

இதில் வாதம் எங்கே இருக்கிறது என்று அண்ணன் எழுந்து கேட்பார். கேட்கட்டும்.

நடுவர் ஐயா, குடும்பம் சிறுத்தது வருத்தம் என்று நீங்கள் தீர்ப்பு சொல்வதாக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மா இங்கேதான் மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்கள், அரக்குப் புடவை. தீர்ப்பை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். அப்புறம் கிளம்பும்போது பின்வாசல் வழியாகப் போங்கள், அவர்கள் கேள்வி கேட்டால் சீக்கிரத்தில் விட மாட்டார்கள்.

வாய்ப்புக்கு நன்றி. பாராட்ட வேண்டியவர்களை எல்லாம் பாராட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.